பாட்டு என்னுடையது, வழக்குப் போடக் காசில்லை

வாசகர் கேள்வி பதில்

ஒலிப்பதிவுக் கூடத்தில் பொறியாளராக இருந்தவர். இப்போது தனி இசைக்கலைஞர்களின் உரிமைப் பத்திரங்களையும் ராயல்டிக் கணக்குகளையும் கவனித்துக்கொள்கிறார். வாசகர்களின் கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்கள்:

*நானே எழுதி, மெட்டமைத்து, பாடி, வீட்டிலேயே பதிவுசெய்து வெளியிட்ட பாடலை ஒரு ஆடை நிறுவனம் தன் விளம்பரக் காணொளிக்குப் பின்னணியாக வைத்திருக்கிறது. அனுமதியும் கேட்கவில்லை, பெயரும் போடவில்லை. வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்தேன். அவர் சொன்ன கட்டணம் அந்தப் பாட்டு இதுவரை எனக்குச் சம்பாதித்துக் கொடுத்ததைவிடப் பல மடங்கு. பேசாமல் விட்டுவிட வேண்டியதுதானா? – பாடகி ஒருவர்*

விட வேண்டாம். ஆனால் இன்றைக்கே அந்தக் காணொளியை நீக்கச் சொல்லிப் புகாரும் கொடுக்க வேண்டாம்.

முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். காணொளி போக வேண்டுமா, உங்கள் பெயர் வர வேண்டுமா, பணம் வேண்டுமா? என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் "மூன்றும்" என்பார்கள். மூன்றுக்கும் வழி வேறு வேறு. காணொளியை நீக்கவைப்பது ஒரு காசு செலவில்லாத வேலை. ஆனால் நீக்கிவிட்டால் நிறுவனத்துக்கு உங்களோடு பேச வேண்டிய அவசரமும் போய்விடும். விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் பேரத்தில் உங்கள் கை ஓங்கி இருக்கும்.

ஆகவே முதல் வேலை, சத்தம் போடாமல் சான்று சேர்ப்பது. காணொளியை இறக்கிக்கொள்ளுங்கள். அது இருக்கும் பக்கத்தைத் திரையோடு பதிவுசெய்யுங்கள். நிறுவனத்தின் கணக்குப் பெயர், இணைய முகவரி, வெளியான தேதி, பார்வையாளர் எண்ணிக்கை எல்லாம் அதில் தெரிய வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அந்தத் தேதியை நீங்கள் போடவில்லை, மூன்றாவது ஆள் போட்டது என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அடுத்தது, அது உங்கள் ஒலிப்பதிவேதான் என்று காட்டுவது. இது என் பழைய தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். உங்கள் மூலப் பதிவையும் விளம்பரத்தின் ஒலியையும் பதிவு மென்பொருளில் இரண்டு டிராக்குகளில் வையுங்கள். இரண்டையும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் தொடங்கும்படி நகர்த்துங்கள். ஒலி அளவையும் சமப்படுத்திவிட்டு, ஒன்றின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேடுபள்ளத்தை, தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். ஒரே பதிவு என்றால் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். விளம்பரக்காரரின் குரல் மட்டும் தனியாக நிற்கும், அதற்குப் பின்னால் கோப்பைச் சுருக்கியதால் வந்த மெல்லிய சரசரப்பு கேட்கும். வேறு யாராவது அதே மெட்டைப் புதிதாக வாசித்திருந்தால் எவ்வளவு முயன்றாலும் இரண்டும் அடங்காது. கேட்ட மாத்திரத்தில் யாருக்கும் விளங்குகிற சோதனை இது.

சிலர் பிடிபடாமல் இருக்க வேகத்தைக் கூட்டி, சுருதியை ஏற்றி வைத்திருப்பார்கள். அப்போது இந்தச் சோதனை நேரடியாக நடக்காது. உங்கள் பதிவில் இரண்டு அடையாளங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: சரணத்துக்கு முன் நீங்கள் மூச்சு இழுக்கும் சத்தம், கடைசியில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம், எதுவானாலும் சரி. இரண்டுக்கும் இடையே உள்ள நேரத்தை இரு கோப்புகளிலும் அளந்து பாருங்கள். வேகத்தோடு சேர்த்து அரை ஸ்வரம் ஏற்றியிருந்தால் ஏறக்குறைய 6 விழுக்காடு வேகம் கூடியிருக்கும். அந்த விகிதத்தில் திரும்ப இறக்கிவிட்டுச் சோதித்தால் மூச்சு மூச்சோடு பொருந்தும். மெட்டைத் திருடுகிறவர்கள் உண்டு. ஆனால் உங்கள் நாற்காலியின் கிறீச்சைத் தற்செயலாக யாரும் உருவாக்க முடியாது.

இடையில் ஒன்றைச் சரிபாருங்கள். பாட்டை இணைய இசைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோகஸ்தர் மூலம் வெளியிட்டபோது சமூக ஊடகங்களின் இசை நூலகத்துக்கும் கொடுக்கச் சம்மதித்தீர்களா? சம்மதித்திருந்தால் தனிநபர்கள் தங்கள் குறுங்காணொளியில் அதைப் பயன்படுத்துவது பெரும்பாலும் உரிமத்துக்கு உட்பட்டதே. நிறுவனங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது பொதுவாக அதில் அடங்காது. ஒப்பந்தத்தைத் திறந்து அந்தப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் கடிதம் எழுத வேண்டும்.

கடிதம் இப்படி இருக்கட்டும்:

"வணக்கம். இன்ன தலைப்பிலான பாடலின் வரிகளுக்கும் மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் நானே உரிமையாளர். தங்கள் நிறுவனத்தின் கணக்கில் இன்ன தேதியில் வெளியான விளம்பரத்தில் 4ஆம் நொடியிலிருந்து 31ஆம் நொடிவரை அந்த ஒலிப்பதிவு பயன்படுத்தப்பட்டுள்ளது. இதற்கு நான் அனுமதி வழங்கவில்லை. இணைய விளம்பரத்துக்கு மட்டும், வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்கு, உரிமம் வழங்க நான் தயாராக இருக்கிறேன். கட்டண விவரம் இணைக்கப்பட்டுள்ளது. 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். இக்கடிதத்தால் என் உரிமைகள் எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை."

இவ்வளவு போதும். வசை வேண்டாம், "நீதிமன்றத்தில் சந்திப்போம்" வேண்டாம். சான்றை இணையுங்கள், கட்டணச் சீட்டையும் இணையுங்கள். கட்டணம் எவ்வளவு என்று கேட்பீர்கள். இசை நூலகங்கள் அதே வகை விளம்பரத்துக்கு, அதே காலத்துக்கு என்ன வாங்குகின்றன என்று பார்த்துவிட்டு அதையொட்டி எழுதுங்கள். கோபத்தில் ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகப் போட்டால் கடிதம் நேராக அவர்களுடைய வழக்கறிஞரிடம் போய்விடும். நியாயமான தொகை என்றால் விளம்பரப் பிரிவு மேலாளரே தீர்த்துவிடப் பார்ப்பார். மேலிடத்துக்குச் செய்தி போகாமல் இருப்பதே அவருக்கு லாபம்.

மிரட்டல் வேண்டாம் என்பது மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, ஆதாரமில்லாமல் சட்ட மிரட்டல் விடுகிறவர் மீது எதிராளியே வழக்குத் தொடுக்க இடம் தருகிறது. உரிமை உங்களுடையதுதான் என்ற உறுதி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. உறுதி இல்லையென்றால் கடிதமே வேண்டாம்.

பதிலே வரவில்லை என்றால்? இன்னொரு கடிதம், இம்முறை நிறுவனத்தின் சட்டப் பிரிவுக்கு. அதற்கும் பதில் இல்லையென்றால் அப்போது நீக்கக் கோருங்கள். விளம்பரம் ஓடும் காலத்தில் காணாமல் போனால் சட்டப் பிரிவு தானாகவே உங்கள் கடிதத்தைத் தேடி எடுக்கும்.

*பாட்டின் பிரதியை எனக்கு நானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். இது போதும் என்கிறார் நண்பர். – இளம் இசையமைப்பாளர்*

உறை பத்திரமாக இருக்கட்டும். அதை நம்பி இருக்க வேண்டாம். இந்தத் தபால் வித்தை பல நாடுகளில் பல தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. இப்படிச் செய்வது பதிப்புரிமையை அலுவலகத்தில் பதிவுசெய்வதற்கு மாற்றாகாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஒட்டாத உறையை அனுப்பிவைத்து, பிறகு உள்ளே எதை வேண்டுமானாலும் வைத்து ஒட்டலாமே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரு வரி சொன்னால் உங்கள் உறையின் கதை முடிந்தது.

உரிமை பிறப்பதற்கு உறையும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை 1886இல் உருவானது. அதன் 1908ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து, உரிமை அனுபவிப்பதற்கு எந்தச் சடங்கும் தேவையில்லை என்பதே உறுப்பு நாடுகளின் விதி. பாட்டு ஒரு வடிவத்தில் பதிவானதும் உரிமை உங்களுடையது. சண்டை எப்போதும் "யார் முதலில், யார் உண்மையில்" என்பதில்தான் வரும். அதற்கு உறையைவிடப் பல மடங்கு வலுவானது உங்கள் பதிவுக் கோப்பு: தனித்தனி டிராக்குகள், சொதப்பிய டேக்குகள், கைப்பேசியில் முனகிய முதல் வடிவம், நண்பருக்கு அனுப்பிய மின்னஞ்சல். திருடியவனிடம் முடிந்த பாட்டு மட்டுமே இருக்கும். சொதப்பல்கள் உங்களிடம் மட்டுமே இருக்கும். வட்டில் இடமில்லை என்று அவற்றை அழிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

*எட்டு நொடிக்குக் குறைவாக எடுத்தால் திருட்டு ஆகாதாமே?*

அப்படிப் பொதுவான சட்ட விதி எதுவும் இல்லை. எட்டு நொடி, நான்கு தாளவட்டம், ஏழு ஸ்வரம், எதுவும் இல்லை. எவ்வளவு எடுத்தார்கள் என்பதோடு எதை எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்றும் நீதிமன்றம் பார்க்கும். இது உங்களுக்கும் பொருந்தும்: மற்றவர் பாட்டிலிருந்து நீங்கள் வெட்டி வைத்த அந்த இரண்டு நொடி டிரம்ஸும் கணக்கில் வரும்.

*என் பாட்டை முழுவதுமாகத் தன் யூடியூப் சேனலில் ஏற்றியிருந்த ஒருவர் மீது புகார் கொடுத்தேன். காணொளி நீங்கியது. இப்போது அவர் எதிர் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். 10 வேலை நாட்களுக்குள் நான் வழக்குப் போட்டதற்கான சான்றைக் காட்டாவிட்டால் காணொளி திரும்ப வந்துவிடும் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. திருடனுக்குத்தான் காலமா? – கோபத்தில் ஒருவர்*

கோபம் புரிகிறது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் பாட்டின் மீது நாளைக்கு ஒருவன் பொய்ப் புகார் கொடுத்தால் உங்களைக் காப்பாற்றப்போவதும் இதே எதிர் நோட்டீஸ்தான்.

இது 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்த நடைமுறை. பெரிய தளங்கள் பல உலகம் முழுவதும் இதையே பின்பற்றுகின்றன. புகார் கொடுத்தால் தளம் நீக்கும். ஏற்றியவர் தம் பெயர், முகவரியோடு உறுதிமொழி கொடுத்து மறுத்தால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் தளம் அதைத் திரும்ப வைக்க வேண்டும். நடுவில் நீங்கள் நீதிமன்றம் போனால் மட்டுமே அது நிற்கும். இந்தியாவின் 2013ஆம் ஆண்டு விதிகளின்படி, புகாரில் போதிய விவரம் இருக்கிறது என்று தளம் கருதினால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாட்களுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம்.

அதாவது, நீக்கல் புகார் இலவசம்தான், ஆனால் அது பாதி வழி வரைக்கும்தான் இலவசம். எதிராளி எதிர்த்து நின்றால் அடுத்த படி என்ன என்று யோசித்துவிட்டே புகார் கொடுக்க வேண்டும். உங்கள் நிலையில் இப்போது செய்யக்கூடியது: எதிர் நோட்டீஸில் அவருடைய உண்மைப் பெயரும் முகவரியும் இருக்கும். இதுவரை முகமில்லாமல் இருந்தவர் இப்போது கடிதம் அனுப்பக்கூடிய ஆளாகிவிட்டார். மேலே பாடகிக்குச் சொன்ன கடிதத்தை, உரிமக் கட்டணத்துக்குப் பதிலாக "எடுத்துவிடுங்கள்" என்று மாற்றி, சான்றோடு அனுப்புங்கள். பொய் உறுதிமொழி கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அறியாமல் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு எதிர் நோட்டீஸ் கொடுத்தவர்கள் பலர். ஒரு கடிதத்திலேயே பின்வாங்கிவிடுவார்கள். அமெரிக்காவில் இருப்பவர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. அடுத்த பதிலைப் பாருங்கள்.

புகார் எழுதும்போது கவனம் தேவை. படிவத்தின் கடைசியில் இருக்கும் உறுதிமொழியை யாரும் படிப்பதில்லை. உரிமையாளர் சார்பில் பேச அதிகாரம் உண்டு என்று பொய்சாட்சித் தண்டனைக்கு உட்பட்டு அங்கே சொல்கிறீர்கள். நியாயமான பயன்பாடா, அதாவது அனுமதி இல்லாமலேயே சட்டம் இடம் தரும் பயன்பாடா, என்று யோசிக்காமல் புகார் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2015இல் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கே, சமையலறையில் ஆடிய ஒரு குழந்தையின் 29 நொடிக் காணொளியைப் பற்றியது. பெரிய நிறுவனம் ஒன்று அந்த 29 நொடிக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடிக்கொண்டிருந்தது.

அதனால் ரசிகர்களிடம் கொஞ்சம் இளக்கம் காட்டுங்கள். யூடியூப் படிவத்தில் உடனே நீக்காமல் 7 நாள் அவகாசம் கொடுக்கும் வசதி இருக்கிறது. அதற்குள் ஏற்றியவரே எடுத்துவிட்டால் அவர் சேனலுக்கு ஸ்டிரைக், அதாவது விதிமீறல் குறி, விழாது. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும். உங்கள் பாட்டைப் பிடித்துப்போய் ஏற்றிய பள்ளி மாணவனின் சேனலை மூடவைப்பதில் என்ன லாபம்?

*என் பாட்டை எடுத்தவர் அமெரிக்காவில் இருக்கிறார். அங்கே வழக்கு என்றால் லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். – கிதார் கலைஞர்*

கூட்டாட்சி நீதிமன்றம் என்றால் ஆகும். அதனால்தான் அங்கே 2020 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றி, பதிப்புரிமை அலுவலகத்துக்குள்ளேயே சிறு வழக்குகளுக்கு ஒரு வாரியம் அமைத்தார்கள். 2022 ஜூனில் அது செயல்படத் தொடங்கியது. பெயர் பதிப்புரிமைக் கோரிக்கை வாரியம். எல்லாம் இணையத்தில் நடக்கும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்தலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள்கூட உங்களுக்காக ஆஜராகலாம். கேட்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு 30,000 டாலர். 5,000 டாலருக்குள் என்றால் இன்னும் எளிமையான நடைமுறை, ஒரே அதிகாரி விசாரிப்பார். கட்டணம் மொத்தம் 100 டாலர்: முதலில் 40, எதிராளி விலகாமல் வழக்கு நடக்கத் தொடங்கினால் மீதி 60.

"விலகாமல்" என்ற இடத்தில்தான் சிக்கல். இந்த வாரியத்துக்கு வருவது எதிராளியின் விருப்பம். நோட்டீஸ் கையில் கிடைத்து 60 நாட்களுக்குள் "நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், உங்கள் 40 டாலர் போயிற்று. இதைக் கேட்டதும் பலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விலகினால் அடுத்து பெரிய நீதிமன்றம் என்று எதிராளியின் வழக்கறிஞர் அவருக்குச் சொல்வார். அந்தச் செலவு அவருக்கும் உண்டு. அந்த 60 நாட்களில் சமரசத்துக்கு வருவது இரு தரப்புக்கும் மலிவு. இன்னொன்று: அமெரிக்காவில் உள்ளவர்கள் மீது மட்டுமே இந்த வாரியத்தில் வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் எந்த நாட்டிலும் இருக்கலாம்.

பாட்டு அங்கே பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது குறைந்தது பதிவுக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். பாட்டு வெளியாகி 3 மாதத்துக்குள், அல்லது திருட்டு நடப்பதற்கு முன்பே பதிவுசெய்திருந்தால் சட்டம் நிர்ணயித்த இழப்பீடு ஒரு படைப்புக்கு 15,000 டாலர் வரை கேட்கலாம். நஷ்டம் இவ்வளவு என்று நிரூபிக்கத் தேவையில்லை. தாமதமாகப் பதிவுசெய்திருந்தால் அது பாதியாகிவிடும். ஒரே ஆல்பத்தில் உள்ள 20 பாடல்கள் வரை ஒரே விண்ணப்பத்தில், 65 டாலருக்குப் பதிவுசெய்யும் வழி இருக்கிறது. அந்த நாட்டில் உங்களுக்குக் கணிசமாகக் கேட்பவர்கள் இருந்தால் நான் செய்யச் சொல்லும் முதல் செலவு இதுவே. இல்லையென்றால் அவசரமில்லை.

சிறு எச்சரிக்கைகள் இரண்டு. எதிராளியின் சரியான முகவரி இல்லாமல் வழக்கைத் தாக்கல் செய்யாதீர்கள். நோட்டீஸை முறைப்படி சேர்ப்பிப்பது உங்கள் பொறுப்பு, அதற்குத் தனிச் செலவும் உண்டு. வென்ற பிறகும் பணம் தராமல் இழுத்தடித்தால், ஓராண்டுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய் அந்த உத்தரவை உறுதிப்படுத்தி வாங்க வேண்டும்.

மேலே எதிர் நோட்டீஸ் பற்றிக் கேட்டவருக்கு: இந்த வாரியத்தில் உரிய நேரத்தில் தொடுத்த வழக்கையும் நீதிமன்ற வழக்குக்கு இணையாக அந்தச் சட்டம் ஏற்கிறது. அது நடக்கும்வரை காணொளி திரும்ப வராது.

பிரிட்டனில் இருப்பவர் மீது என்றால், அறிவுசார் சொத்துக்கான நீதிமன்றத்தில் 2012 முதல் சிறு வழக்குப் பிரிவு இருக்கிறது; வரம்பு 10,000 பவுண்டு. அங்கே பதிவு முறையே கிடையாது என்பதால் பதிவுச் சான்று கேட்க மாட்டார்கள். தோற்றவர் வென்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தைச் சுமக்கும் ஆபத்தும் அங்கே மிகக் குறைவு. விலகும் உரிமையும் எதிராளிக்கு இல்லை.

வழக்கறிஞர் உதவி கட்டாயம் வேண்டும் என்று தோன்றினால் இலவசமாகக் கிடைக்கும் இடங்களை முதலில் தேடுங்கள். நியூயார்க்கில் 1969இல் தொடங்கிய, கலைஞர்களுக்கான தன்னார்வ வழக்கறிஞர் அமைப்பைப் பார்த்துப் பல ஊர்களில் அதேபோன்ற அமைப்புகள் வந்தன. இந்தியாவில் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இன்படி பெண்கள் அனைவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியுள்ளவர்கள். பாடகிகள் இதைக் கேட்டு வாங்கிய செய்தி என் காதுக்கு எட்டியது குறைவு.

*ஒலியை ஒப்பிட்டு உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி கருவி வழியாக, என் சொந்தப் பாட்டுக்கே எனக்குக் கிளெய்ம் (உரிமைக் கோரிக்கை) வந்திருக்கிறது! யாரோ முன்பின் தெரியாத ராப் பாடகர் பெயரில். விளம்பர வருமானம் அவருக்குப் போகிறது. – பீட் தயாரிப்பாளர்*

நீங்கள் அந்தப் பீட்டை, அதாவது மற்றவர்கள் மேலே பாடுவதற்கான பின்னணி இசையை, யாருக்கெல்லாம் விற்றீர்கள்? பெரும்பாலும் அங்கேதான் விடை இருக்கும். தனியுரிமை இல்லாத உரிமத்தில் ஒரே பீட்டை இருபது பேருக்குக் கொடுத்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் அதன் மேல் பாடி, விநியோகஸ்தர் படிவத்தில் "கன்டென்ட் ஐடியிலும் சேர்க்கவும்" என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பார். இயந்திரத்துக்கு உரிமம் தெரியாது, ஒலி மட்டுமே தெரியும். பாட்டில்லாமல் பீட் மட்டும் ஓடும் இடம் எங்கெல்லாம் பொருந்துகிறதோ அங்கெல்லாம் அவர் பெயரைப் போட்டுவிடும். உங்கள் மீதும், உங்களிடம் முறையாக வாங்கிய மற்றப் பத்தொன்பது பேர் மீதும்.

யூடியூப்பில் கிளெய்ம் என்பது ஸ்டிரைக் அல்ல, பதற வேண்டாம். தகராறு பதியுங்கள், எதிராளி பதில் சொல்ல 30 நாள். 5 நாட்களுக்குள் தகராறு பதிந்தால் முதல் நாளிலிருந்து வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும். ஆகவே வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். தகராறில் நான்கு வரி போதும்: பீட் என்னுடையது, முதல் வெளியீட்டுத் தேதி இது, அவருக்கு வழங்கியது தனியுரிமை இல்லாத உரிமம், அதன் இன்ன பத்தி கன்டென்ட் ஐடியில் சேர்ப்பதைத் தடுக்கிறது. அந்தப் பத்தி உங்கள் உரிமத்தில் இல்லையா? இன்றே சேருங்கள். அதே நேரத்தில் அந்த ராப் பாடகருக்கும் நயமாக ஒரு செய்தி அனுப்புங்கள். பாதிப் பேருக்குத் தாங்கள் என்ன டிக் போட்டோம் என்றே தெரியாது.

தெரிந்தே செய்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் இருவர் மீடியாமுவ் என்ற பெயரில் 50,000க்கும் மேற்பட்ட பாடல்களைத் தங்களுடையவை என்று சொல்லி, 2.3 கோடி டாலருக்கும் மேல் சுருட்டினார்கள். அவர்கள் மீது அரிசோனாவில் வழக்கு நடந்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள். யூடியூப்பில் உரியவர்கள் கோராமல் விட்டிருந்த பாடல்களே அவர்களுக்கு வசதியாக இருந்தன. கணக்கைப் பார்க்காத கலைஞன் இருக்கும்வரை இப்படி ஆட்கள் வருவார்கள்.

*"உங்கள் உரிமைகளை உலகம் முழுவதும் காப்போம்" என்று ஒரு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. முன்பணம் கேட்கிறார்கள். சேரலாமா?*

முன்பணம் என்றால் வேண்டாம். வசூலானதில் பங்கு என்றால் பேசலாம். அப்போதும் கேட்க வேண்டியவை: எத்தனை ஆண்டுக்கு, என் பெயரில் வழக்குப் போட என்னிடம் கேட்பீர்களா, சமரசத் தொகையை யார் முடிவு செய்வது, விலகினால் நடுவில் இருக்கும் வழக்குகள் யாருக்கு? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராதவர்களுக்கு உங்கள் பாட்டைத் தராதீர்கள். உங்கள் பெயரால் அவர்கள் ரசிகர்களுக்கு மிரட்டல் கடிதம் அனுப்பினால் கெட்ட பெயர் உங்களுக்குத்தான் வரும்.

அதற்கு முன் இலவசமாகக் கிடைக்கும் உங்கள் பணத்தை வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். அமெரிக்காவில் இயந்திரப் பிரதி உரிமைக்கான (பாட்டு ஸ்ட்ரீமிங்கில் ஒலிக்கும்போது பாட்டெழுதியவருக்குச் சேர வேண்டிய மெக்கானிக்கல் ராயல்டிக்கான) புதிய அமைப்பு 2021இல் வேலை தொடங்கியபோது, உரியவர் யாரென்று தெரியாமல் கிடந்த 42.4 கோடி டாலரை ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அதனிடம் ஒப்படைத்தன. யாரும் திருடிய பணம் அல்ல அது. பாட்டெழுதியவர் பெயரைச் சரியாகப் பதியாததால் தேங்கிய பணம். உறுப்பினராகக் கட்டணம் இல்லை. திருடனைத் துரத்துகிறவர்கள் இந்தப் படிவத்தை நிரப்ப மட்டும் நேரமில்லை என்கிறார்கள்.

*நானும் கீபோர்டு வாசிக்கும் நண்பரும் சேர்ந்து செய்த பாட்டு. இப்போது பேச்சுவார்த்தை இல்லை. வேறொருவர் எங்கள் பாட்டைத் திருடிவிட்டார். நான் மட்டும் நடவடிக்கை எடுக்கலாமா? – பாடலாசிரியர்*

இதற்குத்தான் மலிவான பதிலே கிடையாது. யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்தீர்களா? இல்லை என்றால் அமெரிக்கச் சட்டம் கூட்டுப் படைப்பில் இருவருக்கும் சம பங்கு என்று கொள்ளும். அதில் ஒருவர் தனியாக உரிமம்கூடக் கொடுத்துவிடலாம், வந்த பணத்தில் மற்றவருக்குக் கணக்குக் காட்டினால் போதும். அதாவது நீங்கள் திருடன் என்று நினைக்கும் ஆளிடம் உங்கள் நண்பர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று இருக்கலாம். மற்ற நாடுகளில் விதி வேறு. பல இடங்களில் இருவர் சம்மதமும் வேண்டும்.

எனவே திருடியவருக்கு எழுதுவதற்கு முன் நண்பருக்கு எழுதுங்கள். பழைய மனத்தாங்கலைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். பாட்டின் பெயர், வரிகளில் இவ்வளவு விழுக்காடு, மெட்டில் இவ்வளவு, ஒலிப்பதிவில் இவ்வளவு, நடவடிக்கை எடுக்க இருவருக்கும் சம்மதம், கிடைப்பது இதே விகிதத்தில் பங்கு. ஒரே பக்கம், இரண்டு கையெழுத்து, தேதி. ஒலிப்பதிவுக்குத் தனி வரி அவசியம், ஏனென்றால் பாட்டும் பதிவும் இரண்டு தனிச் சொத்துகள். பதிவு யார் செலவில் நடந்தது என்று அப்போதுதான் இருவருக்கும் நினைவு வரும்.

அவர் பதில் போடவில்லை என்றால் பொதுவாகத் தெரிந்த ஒருவரை நடுவில் வைத்துப் பேசுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் வழக்கறிஞரிடம் போகலாம். அவரிடம் கேட்க வேண்டியது திருடனைப் பற்றி அல்ல, உங்கள் இருவருக்குள் யாருக்கு என்ன பங்கு என்பதைப் பற்றி. அதற்கு ஒரு மணி நேர ஆலோசனைக் கட்டணமே ஆகும்.